நூற்று எண்பதுக்குக் கீழே

நாள் 411. 18:00

டைட்டன், கால்வாய்க் கரை நிலையம். பணியில் இருந்தவர்: தளவாய். அடுத்து வருபவர்: சவரிராயன்.

கால்வாயில் மீத்தேன் ஓட்டம் நொடிக்கு ஒன்பது சென்டிமீட்டர். குறைந்துவருகிறது. நாளைக் காலை எட்டு மணிக்கு ஓட்டம் நின்றுவிடும்; மாலை ஐந்து வரை அசைவிருக்காது. வெளி வெப்பம் கழித்தல் 179 டிகிரி. இரண்டாம் சுழலியின் பேரிங் தேய்ந்து சத்தம் போடுகிறது. ஓட்டம் நிற்கும் வேளையில் சவரிராயன் கீழறைக்கு இறங்கி அதை மாற்றுவார். அதுவரை இறகுகள் மடக்கியே இருக்கும். எண்ணெய் அழுத்தம் 184 பார்.

குறிப்புப் பத்தி: கீழறை ஷட்டரைத் தாங்கும் கொண்டியின் முனை தேய்ந்திருக்கிறது. அதைக் குழிக்குள் அழுத்திப் பிடிப்பது எண்ணெய்தான். கையேடு 160 பார் போதும் என்கிறது. என் கணக்கில், 180க்குக் கீழே போனால் கொண்டி பிடிக்காது. ஓட்டம் நிற்கும்போது கைப்பம்பு அடித்து ஈடுகட்ட வேண்டும்.

வாசித்து ஒப்படைக்கவில்லை. பதிவேட்டை மேசையில் திறந்து வைத்திருக்கிறேன்.

நாள் 412. 06:00

பணி ஏற்றேன். அழுத்தம் 186. நேற்று நான் விட்டதைவிட இரண்டு பார் கூடுதல். ஓட்டம் தணியும்போது அழுத்தம் தானாக ஏறாது. சவரிராயன் தன் பணி நேரம் முழுக்கப் பம்பு அடித்திருக்கிறார். என் எண்ணைவிடத் தன் எண் பெரிதாக இருக்க வேண்டும் என்ற ஆசை. பத்தொன்பது வருடங்களாக எனக்குத் தெரிந்த ஆசைதான்.

கையேட்டின் முதல் விதி: நிலையத்தைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவர் கையில் இப்பதிவேடு கிடைக்கும் என்று எண்ணி எழுது. ஆகவே அந்த ஒருவருக்கு:

இரண்டு மீத்தேன் கடல்களை ஒரு குறுகிய கால்வாய் இணைக்கிறது. சனியின் இழுப்பில் ஓட்டம் எட்டு நாள் ஒரு பக்கம், எட்டு நாள் மறுபக்கம். கால்வாய்க்குள் மூன்று சுழலிகள். நிமிடத்துக்கு நான்கு சுற்று. பார்ப்பவருக்குச் சோம்பல் வரும். ஆனால் அந்தச் சுற்றுக்குப் பின்னால் ஒரு கடல் தள்ளுகிறது. பல்சக்கரப் பெட்டி வழியாக அது ஒரு பம்பை இயக்கும். பம்பில் விரல் தடிமன் பிஸ்டன். அது தள்ளும் எண்ணெய் தூண் தடிமன் உள்ள ஜாக்கிகளுக்குப் போகும். சிறிய பக்கத்தில் லேசாகத் தள்ளினால் போதும், பெரிய பக்கத்தில் அறுபது மடங்காக எழும். நிலையத்தைப் பனிக்குள் புதையாமல் தூக்கி நிறுத்துவதும், கீழறையின் பெரிய ஷட்டரைத் தூக்குவதும் இந்த எண்ணெய்தான். மின்பம்பு போன மாதம் எரிந்துபோயிற்று. ஓட்டம் இல்லாத நாளில் கைப்பம்புதான் கதி.

இறகுகள் என்று எழுதினேன். ஓட்டத்தைக் குறுக்கி, வேகம் கூட்டி, சுழலியின் மேல் செலுத்தும் மடக்குத் தகடுகள். ஆவணங்களில் இவற்றுக்குச் 'சவரி இறகு' என்று பெயர். இவற்றின் முதல் வரைபடத்தை, பத்தொன்பது வருடங்களுக்கு முன், ஒரு தேர்வுத்தாளின் பின்புறத்தில் வரைந்தவன் நான். அப்போது சவரிராயன் என்னிடம் ஆய்வு மாணவர். அறிக்கை வெளிவந்தபோது என் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில், தட்டச்சு செய்து கொடுத்தவருக்கு அடுத்தபடியாக இருந்தது.

இது நிலையத் தகவல் அல்ல. இருந்தாலும் நிற்கட்டும்.

நாள் 412. 09:10

ஓட்டம் பூஜ்யம். ஷட்டர் தூக்கப்பட்டது. கொண்டி பிடித்துக்கொண்டது. சவரிராயன் கருவிப்பெட்டியுடன் கீழறைக்குள். தூக்கியபின் அழுத்தம் 182. மேலே பணியில் நான்.

நாள் 412. 12:25

12:04க்குக் கொண்டி நழுவி ஷட்டர் இறங்கிவிட்டது. சவரிராயன் உள்ளே இருக்கிறார். காயம் இல்லை. விழுந்த வேகத்தில் குழாய் இணைப்பு பிளந்து எண்ணெய் கொட்டியது, அடைத்துவிட்டேன். அழுத்தம் 90. ஷட்டரின் வெப்பக் கம்பி அறுந்ததால் விளிம்புகள் பனியோடு ஒட்டி உறைகின்றன. இனி தூக்க 210 பார் வேண்டும். கைப்பம்பால் இனி அழுத்தத்தை ஏற்ற முடியாது. அடைத்த இடத்தின் கசிவுக்கே அது சரியாகிவிடும். ஓட்டம் திரும்பி, சுழலிகள்தான் தூக்க வேண்டும்.

ஷட்டரின் தடிமன் முழங்கை நீளம். எங்களிடம் உள்ள எதனாலும் வெட்ட முடியாது.

உள்ளே இருக்கும் காற்று எழுபத்தாறு மணி நேரத்துக்கு. நாள் 415, 16:00 வரை.

சம்பவத்தின்போது அழுத்தம் விதிக்குள் இருந்தது.

இன்டர்காம் வேலை செய்கிறது. அதில் பேசுவது எங்கும் பதிவாவதில்லை, ஆகவே எழுதிவைக்கிறேன்.

சவரிராயன்: "சார், கேக்கா? சவம் ஷட்டர் தலைக்குப் பக்கத்துல எறங்கிட்டு. நான் பெட்டி எடுக்கத் திரும்புனேன், இல்லன்னா ரெண்டு சவரி ஆயிருப்பேன்."

நான்: "அடி பட்டிருக்கா?"

சவரிராயன்: "மனசுலதான். கொண்டிய நான் சரியா பூட்டலையோ என்னமோ. என் தப்புதான் சார், எழுதிக்கிடுங்க."

எழுதிக்கொண்டேன்.

நாள் 412. 17:30

ஓட்டம் மறுபக்கம் திரும்பத் தொடங்கியது. நொடிக்கு ஒரு சென்டிமீட்டர். அழுத்தம் 91.

சவரிராயன்: "பேரிங் மாத்தியாச்சு. சும்மா இருந்து என்ன செய்ய. கையால சுத்திப் பாத்தேன், வெண்ணெ மாதிரி போவுது."

நான்: "சரி பார்த்துக் கையெழுத்து போட இன்னொரு ஆள் வேணும். விதி."

சவரிராயன்: "அதுக்கென்ன சார், எறங்கி வந்து போடுங்க."

சிரித்தார். நான் இன்டர்காமை வைத்துவிட்டேன்.

நாள் 413. 06:00

பணி மாற்றம் இல்லை. மாற ஆளில்லை. அழுத்தம் 99. பூமிக்கு அறிக்கை அனுப்பினேன். செய்தி போக எண்பது நிமிடம், வர எண்பது நிமிடம்.

எடுத்து வாசிப்பவருக்கு ஒரு விவரம் கூடுதலாக. ஒவ்வொரு பணி மாற்றத்தின்போதும், போகிறவர் பதிவேட்டை உரக்க வாசிக்க வேண்டும், குறிப்புப் பத்தி உட்பட. வருகிறவர் 'கேட்டேன்' என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வந்தால்தான் பணி கைமாறும். நாங்கள் அதை நிறுத்தி நாற்பத்தொரு நாள் ஆகிறது. ஒருநாள் நான் வாசித்துக்கொண்டிருந்தபோது சவரிராயன், "அண்ணாச்சி பதிவேட்டுல பாதி அளவு, பாதி ஒப்பாரி" என்றார். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், சிரித்துக்கொண்டே. மறுநாளிலிருந்து பதிவேட்டைத் திறந்து வைத்துவிட்டு என் அறைக்குப் போய்விடுவேன். இரண்டு நாள் என் கதவைத் தட்டினார். மூன்றாம் நாளிலிருந்து 'அண்ணாச்சி' போய் 'சார்' வந்தது.

கொண்டியைப் பற்றிய குறிப்பை நான் எழுதினேன். அது நாள் 411இல் இருக்கிறது. தெளிவாக இருக்கிறது. அவர் எண்களைத் தவிர எதையும் வாசிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். எழுதும்போதும் தெரியும்.

நாள் 413. 14:00

அழுத்தம் 108.

சவரிராயன்: "அண்ணாச்சி, ஒரு உதவி. என் பெட்டியில மக்ரூன் டப்பா கெடக்கு. தூத்துக்குடில இருந்து வரும்போது ஜெசிந்தா குடுத்தது. கிறிஸ்மஸுக்குன்னு வச்சேன்."

நான்: "அதை உள்ளே எப்படி அனுப்ப?"

சவரிராயன்: "அனுப்பாண்டாம். நீங்க தின்னுராதிய. அதத்தான் சொல்ல வந்தேன்."

அண்ணாச்சி என்றார். கிட்டத்தட்ட நாற்பது நாளுக்குப் பிறகு. ஜெசிந்தா அவர் மனைவி.

நாள் 414. 08:00

அழுத்தம் 127. ஓட்டம் நொடிக்குப் பதினாறு. இதே போக்கில் போனால் 210ஐத் தொடுவது நாள் 416, காலை ஆறு மணி. காற்று தீர்வது நாள் 415, மாலை நான்கு. பதினான்கு மணி நேரம் இடிக்கிறது. மூன்று முறை கணக்குப் போட்டேன். அவரும் உள்ளே போட்டிருக்கிறார், அதே விடை.

சவரிராயன்: "மூச்ச மெதுவா விட்டா ரெண்டு மணி நேரம் கூடும். பேசாம இருந்தா இன்னும் கூடும். அதுக்கு நான் செத்தே போயிரலாம்."

நாள் 414. 16:40

நாள் 412இல் எழுதிய ஒரு வரியைத் திருத்த வேண்டும். 'அழுத்தம் விதிக்குள் இருந்தது.' அது உண்மை. 171 இருந்தது. விதி 160.

ஆனால் 10:40க்கு நான் மானியைப் பார்த்தேன். 179. பம்பின் கைப்பிடி என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அடிக்கவில்லை. இறகுகளின் பெயர் விஷயமாக அலுவலகத்துக்கு நான்காவது முறையாக ஒரு புகார் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியம் சரியாக வரவில்லை. அதை முடித்துவிட்டு எழலாம் என்று இருந்தேன். 11:30க்குப் பார்த்தேன். 174. தேநீர் சூடாக இருந்தது. விதி 160தானே என்று எண்ணியதும் நினைவிருக்கிறது. 180 என்று என் கையாலேயே எழுதியிருந்ததும் நினைவில் இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில்.

ஷட்டர் விழ வேண்டும் என்று நினைத்தேனா? இல்லை. ஒரு நடுக்கம் வரட்டும், ஒரு சத்தம் வரட்டும், அவர் அலறிக்கொண்டு வெளியே வரட்டும், அப்போது பதிவேட்டைத் திறந்து அந்தப் பத்தியின்மேல் விரலை வைக்கலாம். நினைத்தது அதுதான். அதிகம் தள்ளவில்லை. சிறிய பக்கத்தில் லேசாக.

அவரிடம் சொல்லவில்லை.

நாள் 415. 06:00

அழுத்தம் 150. ஓட்டம் நொடிக்கு இருபத்தொன்பது.

சவரிராயன்: "அண்ணாச்சி, இறகை எறக்குங்க."

நான்: "பேரிங் சோதிக்கலையே. வேகம் கூடித் தெறிச்சா சுழலியும் போகும், பம்பும் போகும்."

சவரிராயன்: "நான் மாத்துன பேரிங். எனக்குத் தெரியாதா? நேத்து வரைக்கும் ஓட்டம் காணாது, எறக்கியும் புண்ணியமில்ல. இன்னைக்கு ஆவும். இப்ப எறக்குனா ரெண்டு மணிக்கெல்லாம் எறநூத்திப்பத்து வந்துரும்."

நான்: "இரண்டு கையெழுத்து இல்லாம இறக்கக் கூடாது. பூமியில் இருந்து எழுத்துல அனுமதி வாங்கிடறேன். நம்ம ரெண்டு பேருக்கும் நல்லது."



சவரிராயன்: "நீங்க மாறவே மாட்டிய. சரி, கேளுங்க. வெரசா கேளுங்க."

06:00க்கு அனுமதி கேட்டு அனுப்பினேன்.

நாள் 415. 09:30

பதில் இல்லை. குழு கூடியிருக்கும். அழுத்தம் 157.

அவர் பேசிக்கொண்டே இருக்கிறார். பேசாதே என்றால் கேட்பதில்லை.

சவரிராயன்: "அந்த இறகு உங்களோடதுதான் அண்ணாச்சி. தேர்வுத்தாளுக்குப் பின்னால நீங்க வரைஞ்சீய. நான் வளர்த்தேன், அது நெசம். ஆனா வெதை உங்களது. அறிக்கை போகும்போது மேல இருந்தவன் ஒரு பேருதான் வைக்கலாம்னான். எனக்கு முப்பது வயசு, வேல வேணும். வாய மூடிக்கிட்டேன். அப்புறம் சொல்லலாம் சொல்லலாம்னு... நீங்களும் மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டு இருந்தியளா, சொல்லவே இடம் குடுக்கல."

நான்: "இப்போ எதுக்கு அது."

சவரிராயன்: "வெளிய வந்ததும் பேர மாத்திருவோம். 'தளவாய் இறகு.' கேக்கவே ஏதோ பூச்சி பேரு மாதிரி இருக்கு. பரவால்ல."

நான் சிரித்தேன். எவ்வளவு நாளைக்குப் பிறகு என்று தெரியவில்லை. சிரித்து முடித்ததும் மானியைப் பார்த்தேன்.

நாள் 415. 12:10

அனுமதி வந்தது. முழு வாசகம்: "சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு, இரண்டாம் கையெழுத்து விதியிலிருந்து ஒருமுறை மட்டும் விலக்கு அளிக்கப்படுகிறது. விளைவுகளுக்குக் குழு பொறுப்பேற்கிறது."

கேட்டதிலிருந்து ஆறு மணி நேரம் பத்து நிமிடம்.

12:40. இறகுகள் முழுதாக இறங்கின. சுழலிகள் நிமிடத்துக்கு ஏழு சுற்று. இரண்டாம் சுழலியில் அதிர்வு இல்லை. சத்தம் இல்லை. பேரிங் அப்பழுக்கில்லாமல் ஓடுகிறது.

அவர் சொன்னது போலவே.

நாள் 415. 14:00

அழுத்தம் 177. ஏறுகிறது. மணிக்கு ஏழு, எட்டு. ஆறு மணிக்கே இறக்கியிருந்தால் இந்நேரம் ஷட்டர் உயர்ந்திருக்கும். கைப்பம்பையும் அடிக்கிறேன். ஒன்றும் கூடவில்லை. அடிக்கிறேன்.

நாள் 415. 15:20

186. அவர் குரல் தடிக்கிறது. தலைவலி என்கிறார். வாக்கியத்துக்கு நடுவே நிற்கிறார்.

சொல்லிவிட்டேன். இப்படித்தான் சொன்னேன், மாற்றாமல் எழுதுகிறேன்.

நான்: "சவரி. கொண்டி தேய்ஞ்சிருந்தது. எனக்குத் தெரியும். நூத்தியெண்பதுக்குக் கீழே பிடிக்காதுன்னு குறிப்புப் பத்தியில எழுதினேன். நீ அதை வாசிக்க மாட்டேன்னு தெரிஞ்சே எழுதினேன். வாயால சொல்லலை."



சவரிராயன்: "வாசிச்சேனே."

நான்: "என்ன?"

சவரிராயன்: "வாசிச்சேன் அண்ணாச்சி. தெனமும் வாசிப்பேன். நீங்க வாசிச்சுக் காட்டாம போனதுக்கு அப்புறம், நானே உரக்க வாசிப்பேன், உங்கள மாதிரி மூக்கால. பொழுதுபோக்கு வேணும்லா. அன்னைக்கும் வாசிச்சேன். அதனாலதான் பணி முழுக்கப் பம்பு அடிச்சு நூத்தியெம்பத்தாறு வச்சிக் குடுத்தேன். தோளு கழண்டு போச்சு."

பம்பு அடிப்பதை நிறுத்தினேன்.

சவரிராயன்: "உங்க பணியில அழுத்தம் எறங்காதுன்னுதான் உள்ள போனேன். எழுதுனவரு நீங்களாச்சே. எவ்வளவு இருந்துச்சி அண்ணாச்சி, விழும்போது?"

நான்: "நூத்தியெழுபத்தொண்ணு."

சவரிராயன்: "பம்பு மக்கர் பண்ணிட்டா?"

இல்லை என்று சொன்னேன். பம்பு நன்றாக இருந்தது என்று சொன்னேன்.

அவர் திட்டவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

நாள் 415. 15:50

190.

சவரிராயன்: "ஜெசிந்தாவுக்கு நீங்களே எழுதுங்க. ஆபீஸ்காரன் எழுதுனா அவ நம்ப மாட்டா."

நான்: "என்ன எழுத?"

சவரிராயன்: "எழுதத்தான் உங்களுக்கு நல்லா வருமே."

நாள் 415. 16:30

195. பதில் இல்லை. இன்டர்காமில் மூச்சு கேட்கிறது. அல்லது என் மூச்சே திரும்பி வருகிறது.

நாள் 415. 18:30

210. ஷட்டர் உயர்ந்தது. சத்தமில்லாமல், வழவழவென்று.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பழைய பேரிங் மடியில் இருந்தது. துடைத்து, எண்ணெய் போட்டு வைத்திருந்தார். கீழறைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எண்கள்: ஒவ்வொரு முறை நான் இன்டர்காமில் சொன்ன அழுத்தமும் நேரமும், பதிவேட்டில் எழுதுவதுபோல் கட்டம் போட்டு. கடைசி எண் 190. அதன் குறிப்புப் பத்தியில் ஒன்றும் எழுதவில்லை.

இரண்டரை மணி நேரம் தாமதம். காத்திருந்தது ஆறு மணி நேரம் பத்து நிமிடம்.

மேலே கொண்டுவந்தேன். இங்கே எடை ஏழில் ஒரு பங்குதான். ஒரு பையன் கனம்கூட இல்லை. அவர் அறையில் கிடத்தி, வெப்பத்தை அணைத்தேன்.

நாள் 417. 10:00

பதிவேட்டை முழுதாக அனுப்பியிருந்தேன். அலுவலகத்திலிருந்து:

"பதிவேட்டை ஆராய்ந்தோம். கொண்டியின் தேய்மானத்தை நாள் 411இலேயே எழுத்தில் எச்சரித்திருக்கிறீர்கள். சம்பவ வேளையில் அழுத்தம் விதிக்கு மேலேயே இருந்தது. இறகுகளை இறக்கும் முன் முறைப்படி அனுமதி பெற்றிருக்கிறீர்கள். உங்கள்மேல் எந்தத் தவறும் இல்லை. மேலும், சவரிராயன் இறுதியில் கூறியதாக நீங்கள் பதிந்திருப்பதன் அடிப்படையிலும், உங்கள் முந்தைய மூன்று புகார்களின் அடிப்படையிலும், மடக்குத் தகடுகளுக்கு இனி 'தளவாய் இறகு' என்று பெயரிட முடிவு செய்யப்பட்டுள்ளது. தாமதத்துக்கு வருந்துகிறோம்."

பத்தொன்பது வருடங்களாக இந்தக் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். வாக்கியங்கள்கூட நான் மனதில் எழுதிவைத்திருந்தவைதான்.

நாள் 417. 10:40

பதில் அனுப்பினேன். பதிவேட்டின் நாள் 414, 16:40 பகுதியை மறுபடி வாசிக்கும்படி கேட்டேன். 179ஐப் பார்த்ததாக எழுதியிருக்கிறேன். 174ஐப் பார்த்ததாக எழுதியிருக்கிறேன். பம்பு முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது என்று எழுதியிருக்கிறேன்.

நாள் 417. 15:15

"உங்கள் துயரம் எங்களுக்குப் புரிகிறது. தனித்திருப்பவர்கள் தம்மைக் குற்றம் சொல்லிக்கொள்வது இயல்பு என்று மருத்துவக் குழு கருதுகிறது. விதி 160 பார். 180 என்பது உங்கள் சொந்தக் கணிப்பு. அதைக் கடைப்பிடிக்க உங்களுக்குக் கடமை இல்லை. ஓய்வெடுங்கள். மாற்றுக் குழு ஏழு மாதத்தில் வரும்."

கடமை இல்லை. எழுத்தில் இருக்கிறது.

நாள் 419. 12:00

ஜெசிந்தாவுக்கு மூன்று கடிதம் எழுதினேன். முதலாவதில் என் பெயர் பதினொரு இடத்தில் வந்திருந்தது. இரண்டாவது அலுவலகக் கடிதம் போல இருந்தது. மூன்றாவது நன்றாக வந்தது. வாசித்தால் யாராக இருந்தாலும் அழுவார்கள். கிழித்துவிட்டேன்.

எனக்கு எழுத நன்றாக வரும்.

மக்ரூன் டப்பாவைத் திறக்கவில்லை.

நாள் 420. 06:00

ஓட்டம் தணிகிறது. எட்டு மணிக்கு மறுபடி நிற்கும். ஷட்டர் திறந்தே இருக்கிறது, கொண்டியில். உள்ளே யாரும் இல்லை. விழுந்தாலும் ஒன்றுமில்லை.

அழுத்தம் 186. பம்பு அடிக்கிறேன்.

நாள் 420. 11:30

184. தேநீர் போடவில்லை.

நாள் 420. 12:04

183.

நாள் 420. 18:00

பணி முடிப்பவர்: தளவாய். அடுத்து வருபவர்: சவரிராயன்.

ஓட்டம் திரும்பிவிட்டது, நொடிக்கு இரண்டு. அழுத்தம் 182. இறகுகள் மடங்கியிருக்கின்றன. குறிப்புப் பத்தி: கொண்டி தேய்ந்திருக்கிறது. 180க்குக் கீழே விடக் கூடாது.

இன்று உரக்க வாசித்து ஒப்படைத்தேன். அவர் அறைக் கதவுக்கு முன்னால் நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும், குறிப்புப் பத்தி உட்பட. மூக்கால் வாசிக்கிறேனா என்று கவனித்தேன். ஆமாம்.

'கேட்டேன்' வரவில்லை. அந்தச் சொல் வராமல் பணி கைமாறாது. விதி தெளிவாக இருக்கிறது. ஆகவே பணியைத் தொடர்கிறேன்.

நாள் 421. 06:00

181. பணியில் தளவாய். தூங்கவில்லை. பணியில் தூங்கக் கூடாது. சுழலிகள் வேகம் பிடித்துவிட்டன, இனிப் பம்பு தேவையில்லை என்று மானி சொல்கிறது. மானியை நம்பி ஒருமுறை உட்கார்ந்திருந்தேன்.

நாள் 421. 18:00

192. கதவுக்கு முன்னால் வாசித்தேன். வரவில்லை.

நாள் 422. 18:00

வாசித்தேன். தோள் கழன்றுபோகிறது. கழன்றுபோகும் என்று சொல்லியிருந்தார்.

நாள் 423

நேரம் பார்க்கவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடியே கண் மூடியிருக்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. இன்டர்காமில் மூச்சு கேட்டது. கீழறையில் இன்டர்காம் இன்னும் அணைக்காமல் இருக்கிறது. யாரும் இல்லை. போய்ப் பார்த்தேன். சுண்ணக்கட்டிக் கட்டத்தில் கடைசி எண்ணுக்குக் கீழே இடம் இருக்கிறது. 190க்குக் கீழே இன்றைய எண்ணை எழுதினேன். பிறகு அழித்தேன். அது அவர் பதிவேடு.

இதை எடுத்து வாசிப்பவர் யாராக இருந்தாலும்: நீங்கள் வரும்போது நான் பம்பின் பக்கத்தில்தான் இருப்பேன். எழுப்ப வேண்டாம். என்னைப் பற்றி அலுவலகம் என்ன சொன்னது என்று சொல்ல வேண்டாம். முதல் பக்கத்திலிருந்து உரக்க வாசியுங்கள். முடித்ததும் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிடுங்கள். அதுவரை பணி என்னுடையது.

நாள் 424. 18:00

சுழலிகள் ஓடியும், அடைத்த இணைப்பு மறுபடி கசிவதால் அழுத்தம் 181. வாசித்தேன்.

நாள் 425. 18:00

181. வாசித்தேன்.

நாள் 426. 18:

180